பிலிம் டிரெஸ்ஸிங்: எங்கே ஒட்டலாம், எப்படி ஒட்டுவது, எப்போது வேண்டவே வேண்டாம்

கையில் டிரிப்ஸ் ஏற்றும்போது, ஊசிக் குழாய் நுழையும் இடத்தின் மேல் கண்ணாடிபோல் ஒரு மெல்லிய தாளை ஒட்டுவார்களே, அதுதான் பிலிம் டிரெஸ்ஸிங். டெகடெர்ம், ஆப்சைட் என்று கம்பெனிப் பெயரைச் சொல்லியே பலரும் கேட்டு வாங்குகிறார்கள். எந்தப் பெயரில் வந்தாலும் அடிப்படை ஒன்றுதான்: பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பிலிம், அதன் ஒரு பக்கத்தில் அக்ரிலிக் பசை. தடிமன் 0.02 முதல் 0.03 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமனில் பாதிகூட வராது.

புதிதாகப் பழகுகிறவர்கள் இதைக் கையில் எடுக்கும் முன்பே மனதில் பதிக்க வேண்டியது ஒன்று உண்டு. இது காயத்துக்கு ஒரு மூடி. பஞ்சு, காஸ் (காயத்தில் வைக்கும் வலைபோன்ற பருத்தித் துணி) செய்யும் வேலையை இது செய்யாது. ஒரு சொட்டு நீரைக்கூட உறிஞ்சாது. எந்தக் காயத்துக்கு ஒட்டலாம், எத்தனை நாள் விடலாம், ஏன் கசிகிறது, ஏன் சுற்றுத்தோல் வெளுக்கிறது என்ற கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் இதில்தான் இருக்கிறது.

மூடினால் ஏன் ஆறுகிறது

காயம் காற்றில் காய்ந்து பொருக்குத் தட்டினால்தான் ஆறும் என்று வெகுகாலம் நம்பினார்கள். 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆராய்ச்சியாளர் பன்றிகளின் தோலில் மேலோட்டமான காயங்களை உண்டாக்கி, சிலவற்றைத் திறந்து விட்டார். சிலவற்றைப் பாலித்தீன் தாளால் மூடினார். மூடிய காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. காரணம் எளிது. காயத்தின் ஓரத்திலிருந்து புதுத்தோல் செல்கள் நகர்ந்து வந்துதான் இடைவெளியை மூட வேண்டும். மேற்பரப்பு ஈரமாக இருந்தால் அவை நேராக ஊர்ந்து போகும். காய்ந்த பொருக்கு இருந்தால் அதற்கு அடியில், ஈரம் இருக்கும் ஆழம்வரை இறங்கி, குடைந்துகொண்டுதான் போக முடியும். இந்தப் புரிதலுக்குப் பிறகு, 1970-களின் தொடக்கத்தில், பாலியூரித்தேன் பிலிம்கள் மருத்துவமனைக்குள் வந்தன.

பாலித்தீனை விட்டுவிட்டு ஏன் பாலியூரித்தேன்? அது வெளியிலிருந்து தண்ணீரையும் கிருமிகளையும் உள்ளே விடாது. ஆனால் உள்ளே இருக்கும் ஈரத்தை ஆவியாக வெளியே விடும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருப்பதால் அல்ல. பெரும்பாலான பிலிம்களில் ஓட்டையே கிடையாது. நீராவி பிலிமின் பொருளுக்குள்ளேயே கரைந்து, ஊடுருவி, மறுபக்கம் வெளியேறுகிறது. ஆக்சிஜனும் அப்படியே உள்ளே வரும்.

சமையலறையில் பாத்திரம் மூடும் கிளிங் பிலிமை இதற்குப் பதிலாக ஒட்டி வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. அது ஆவியை ஏறக்குறைய வெளியே விடவே விடாது. பசையும் இல்லாததால் ஓரம் அடைபடாது. புதுத் தீக்காயத்தை ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டிய பிறகு, மருத்துவமனை போய்ச் சேரும்வரை தளர்வாக மேலே போட்டு வைக்க அதைப் பயன்படுத்துவது வேறு விஷயம். அது முதலுதவி, டிரெஸ்ஸிங் இல்லை.

இனி அளவுக் கணக்கு. நலமான தோல் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் சுமார் 200 கிராம் ஈரத்தை ஆவியாக இழக்கிறது. திறந்து கிடக்கும் சதைப்புண் இழப்பது சுமார் 5000 கிராம். சாதாரண பிலிம்களில் பலவும் வெளியே விடக்கூடியது 1000 கிராமுக்கும் குறைவு. 800 என்று வைத்துக்கொள்வோம். 10 செ.மீ.க்கு 10 செ.மீ. அளவுள்ள ஒரு புண்ணில் ஒரு நாளைக்கு 50 மில்லி நீர் ஊறினால், பிலிம் வழியே போவது 8 மில்லி. மீதி 40 மில்லிக்கு மேல் எங்கே போகும்? பிலிமுக்கு அடியில் குளம்போல் தேங்கி, ஓரத்தை உடைத்துக்கொண்டு வெளியே வரும். நீர் அதிகம் வடியும் புண்ணில் பிலிம் தோற்றுப்போவது ஒட்டியவரின் கைக்குறையால் அல்ல. இந்தக் கணக்கு அங்கே ஒத்துவருவதே இல்லை. ஊசிக் குழாய்களுக்கென்றே தயாரிக்கும் பிலிம்கள் இதைவிட நிறைய ஆவியை விடும். ஆனாலும் அவையும் உறிஞ்சுவதில்லை.

எந்தக் காயத்துக்குப் பொருந்தும்

ஆழமில்லாத, நீர் கொஞ்சமாகவே வடியும் காயம். முழங்கால் சிராய்ப்பு நல்ல உதாரணம். மண், துகள் எல்லாம் போக நன்றாகக் கழுவி, ரத்தம் நின்ற பிறகு பிலிம் ஒட்டினால் எரிச்சல் அடங்கிவிடும். தோலில் வெளியே தெரியும் நரம்பு நுனிகள் காற்றில் காயாமல் இருப்பதே இந்த நிம்மதிக்குக் காரணம்.

தையல் போட்டு ஓரங்கள் ஒட்டிய அறுவைக் காயத்துக்கு நடுவில் சின்னப் பேட் வைத்த பிலிம் பொருத்தமானது. முதல் ஓரிரு நாளில் கசியும் சிறிதளவு ரத்தத்தைப் பேட் எடுத்துக்கொள்ளும். பேட் இருக்கும் இடத்தில் உள்ளே பார்க்க முடியாது என்பது அதன் குறை.

தோல் ஒட்டு அறுவைக்காக மெல்லிய தோல் சீவி எடுத்த இடத்திலும் பிலிம் போடுவார்கள். அங்கே வலி குறைவது கண்கூடு. ஆனால் முதல் இரண்டு மூன்று நாள் ரத்தம் கலந்த நீர் நிறையத் தேங்கும், கசியும். அதனால் அது மருத்துவமனை ஆட்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய காயம்.

படுக்கையில் கிடப்பவர்களின் முழங்கை, இடுப்பெலும்பு போன்ற இடங்களில் தோல் உடையாமல் சிவந்திருக்கும்; விரலால் அழுத்தி எடுத்தாலும் சிவப்பு மறையாது. படுக்கைப்புண்ணின் முதல் நிலை அது. அங்கே பிலிம், துணியின் உராய்வைத் தடுக்கும். அழுத்தத்தைத் துளியும் குறைக்காது. பிலிம் ஒட்டியாயிற்று என்று ஆளைத் திருப்பிப் படுக்க வைக்காமல் விட்டால் புண் பிலிமுக்கு அடியிலேயே உடையும். உடல் எடையும் வழுக்கலும் சேரும் வால் எலும்புப் பகுதியில் பிலிம் சுருண்டும் போகும். அழுத்தம் தாங்கும் இடங்களுக்கு இப்போது தோலை இழுக்காத மென்மையான சிலிக்கான் பசை கொண்ட ஃபோம் டிரெஸ்ஸிங்கையே (ஸ்பாஞ்சுபோன்ற மெத்தை) பலரும் விரும்புகிறார்கள். எங்கள் கருத்தும் அதுதான்.

ஒட்டவே கூடாத இடங்கள்

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்ட வேண்டாம். பிலிமால் வரும் கெடுதல்களில் பெரும்பங்கு தவறான காயத்தில் ஒட்டுவதால் வருவது.

கிருமி தொற்றிய காயம்: சீழ், சுற்றிலும் பரவும் சிவப்பு, சூடு, வீக்கம், நாளுக்கு நாள் கூடும் வலி. இவற்றில் ஏதாவது இருந்தால் பிலிம் வேண்டாம். உடல் சூட்டில், ஈரத்தில், சீழ் வெளியேற வழியில்லாமல் மூடி வைப்பது கிருமிக்கு வசதி செய்து கொடுப்பதாகும். நாய், பூனை, மனிதர் என எந்தக் கடிக்காயமும், ஆணி குத்திய காயமும் இதே வகைதான். மேலே சின்ன ஓட்டை, உள்ளே ஆழத்தில் கிருமி. அவற்றை மருத்துவர் பார்க்க வேண்டும். டெட்டனஸ் ஊசியைப் பற்றியும் கேட்க வேண்டும்.

குழியாக ஆழமான புண், உள்ளே சுரங்கம்போல் வழி ஓடும் புண் இரண்டிலும் பிலிம் மட்டும் போட்டால் கீழே வெற்றிடம் இருக்கும். அதில் நீர் தேங்கும். ஆழமான தீக்காயம், ரத்தம் நிற்காத காயம் இவற்றுக்கும் வேண்டாம்.

சர்க்கரை நோயாளியின் பாதப் புண்ணிலும், ரத்த ஓட்டம் குறைந்த காலிலும் மருத்துவர் சொல்லாமல் பிலிம் ஒட்டக்கூடாது. அத்தகைய கால்விரலிலோ குதிகாலிலோ கறுத்து, காய்ந்து, கெட்டியாக ஒட்டியிருக்கும் தோலை உலர்ந்த நிலையிலேயே விட்டு வைப்பதுதான் வழக்கம். பிலிம் போட்டால் அது ஊறி இளகும்; உலர்ந்து அமைதியாக இருந்தது ஈரமாகி அழுகத் தொடங்கும். வேறு இடத்தில் மெல்லிய செத்த திசுவை இளக்கி அகற்றுவதற்காக வேண்டுமென்றே பிலிம் போடுவதும் உண்டு. மூடிய ஈரத்தில் உடலின் நொதிகளே அதைக் கரைக்கும். எது எந்த வகை என்று தீர்மானிப்பது பயிற்சி உள்ளவரின் வேலை.

கடைசியாக, தோல். முதியவர்களின் காகிதம்போல் மெலிந்த தோல், நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களின் தோல், குறைமாதக் குழந்தையின் தோல் ஆகியவை பிலிமின் பசையைத் தாங்காது. லேசாக இடித்தாலே தோல் மடல்போல் கிழிந்து தொங்கும் காயம் முதியவர்களுக்கு அடிக்கடி வரும். அதன்மேல் பிலிம் ஒட்டினால், எடுக்கும்போது மடலும் கூடவே வரும். அங்கே சிலிக்கான் பசை உள்ளதே நல்லது. முன்பே யாரோ பிலிம் ஒட்டியிருந்தால், மடல் எந்தப் பக்கம் தோலோடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்திலிருந்து மடலின் நுனி நோக்கி எடுக்கும்படி பிலிமின் மேல் ஒரு அம்புக்குறி வரைந்து வைக்கலாம். அடுத்து எடுப்பவருக்கு அது பெரிய உதவி.

ஒட்டுவதற்கு முன்

அளவு தேர்ந்தெடுப்பதில்தான் புதியவர்கள் முதலில் சறுக்குவார்கள். பிலிம் பிடித்து நிற்பது காயத்தில் இல்லை, சுற்றியுள்ள உலர்ந்த தோலில். எல்லாப் பக்கமும் குறைந்தது 2.5 செ.மீ. நல்ல தோல் பிலிமுக்குள் வர வேண்டும்; நீர் கொஞ்சம் கசியும் என்று தோன்றினால் 4 முதல் 5 செ.மீ. காயம் 3 செ.மீ. அகலம் என்றால் 3 + 2.5 + 2.5 = 8 செ.மீ. அப்போது 6 × 7 செ.மீ. தாள் போதாது, 10 × 12 எடுக்க வேண்டும். சின்னத் தாளை ஒட்டி மிச்சம் பிடித்தால் மறுநாளே இன்னொரு தாள் செலவாகும்.

தேவையானவை: சரியான அளவுப் பிலிம், கழுவ 0.9% சலைன் என்ற உப்புநீர் (வீட்டில் சிராய்ப்பு என்றால் ஓடும் குடிநீர் போதும்), காஸ், கிளவுஸ், முடி இருந்தால் கத்தரிக்கோல் அல்லது கிளிப்பர், பேனா. தோல் சற்று மெலிந்தது என்றால் ஆல்கஹால் இல்லாத தோல் பாதுகாப்புத் துடைப்பான். பாக்கெட்டில் காலாவதித் தேதியையும், உறை எங்காவது பிரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

முடியை ரேசரால் மழிக்கக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். அவற்றின் மேல் மூடி போட்டால் ஒவ்வொரு கீறலும் கிருமிக்கு ஒரு வாசல். கத்தரித்தால் போதும்.

சுற்றுத்தோலில் களிம்பு, எண்ணெய், மாய்ஸ்சரைசர், வாசலின் எதுவும் இருக்கக்கூடாது. காயத்துக்குள் தடவிய எண்ணெய்ப் பசையுள்ள களிம்பும் ஓரத்துக்கு வழிந்து வந்து பிலிமைக் கழற்றிவிடும். களிம்பு கட்டாயம் தேவைப்படும் காயம் என்றால் அதற்குப் பிலிம் சரியான தேர்வே இல்லை.

ஒட்டும் முறை

1. கையைக் கழுவி, கிளவுஸ் போட்டுக்கொள்ளுங்கள். காயத்தைச் சலைனால் கழுவுங்கள். ரத்தம் வந்தால் காஸ் வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுநடுவே எடுத்துப் பார்த்தால் உறைந்தது பெயர்ந்துவிடும்.

2. சுற்றுத்தோலை ஒற்றி உலர்த்துங்கள். ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி தடவியிருந்தால் குறைந்தது 30 வினாடி, முற்றிலும் காயும்வரை பொறுங்கள். ஊதிக் காய வைக்காதீர்கள். வாயிலிருக்கும் கிருமி அதில் விழும். ஈரம் காயாமல் பிலிம் ஒட்டினால் ரசாயனம் தோலோடு அடைபட்டு எரிச்சல் உண்டாகும், பசையும் பிடிக்காது. பிலிம் ஒட்டிய இடத்தில் தோல் சிவந்து தடித்தால் எல்லோரும் பசை ஒவ்வாமை என்பார்கள். பல சமயம் உண்மையான காரணம் இந்த அவசரம்தான்.

3. பாதுகாப்புத் துடைப்பான் பயன்படுத்தினால் ஒரே ஒரு பூச்சு. அது காய்ந்து வழவழப்பாகத் தெரிய வேண்டும். காயத்துக்குள் படக்கூடாது என்று அதன் உறையில் போட்டிருந்தால் அதை மதியுங்கள்.

4. மூட்டுக்கு மேல் ஒட்டுவதாக இருந்தால் மூட்டை லேசாக மடக்கிய நிலையில் வையுங்கள். நீட்டிய முழங்காலில் ஒட்டினால் முதல் முறை உட்காரும்போதே ஓரம் பிய்யும்.

5. பின்பக்கக் காகிதத்தை உரியுங்கள். பசைப் பக்கத்தில் விரல் படக்கூடாது. பிலிம் கிளவுஸில் ஒட்டிச் சுருண்டால் அதைப் பிரிக்கப் போராடாமல் வேறொன்றை எடுங்கள். ஓரத்தில் காகிதச் சட்டம் உள்ள வகை புதியவர்களுக்கு எளிது. சட்டத்தைப் பிடித்தபடி, காயம் நடுவில் வருமாறு பார்த்து, மேலிருந்து அப்படியே இறக்குங்கள்.

6. இழுக்காதீர்கள். சுருக்கம் விழாமல் இருக்கட்டும் என்று பலரும் பிலிமை இழுத்துப் பிடித்து ஒட்டுவார்கள். பிலிம் ரப்பர்போல் மீண்டும் சுருங்கப் பார்க்கும். மணிக்கணக்கில் ஓரத்துத் தோலை உள்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். ஓரிரு நாளில் பிலிமின் ஓரத்தை ஒட்டி நீர்க் கொப்புளங்கள் எழும். அறுவைக்குப் பிறகு வீங்கும் இடங்களில் இது இன்னும் எளிதாக நடக்கும். சின்னச் சுருக்கம் ஒன்று இருந்தால் இருக்கட்டும். அது காயத்திலிருந்து ஓரம்வரை ஒரே கோடாக ஓடாமல் இருந்தால் போதும். அப்படி ஓடினால் அது கால்வாய். நீர் வெளியே வரும், கிருமி உள்ளே போகும்.

7. நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தடவி விடுங்கள். பிறகு சட்டத்தை ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரியுங்கள். உரியும் இடத்துக்குப் பின்னாலேயே இன்னொரு கையின் விரல் ஓரத்தை அழுத்திக்கொண்டு வர வேண்டும். வெடுக்கென்று உரித்தால் சட்டத்தோடு பிலிம் ஓரமும் எழும்பும்.

8. உள்ளங்கையை மேலே வைத்து அரை நிமிடம் லேசாக அழுத்துங்கள். இந்தப் பசை அழுத்தத்திலும் உடல் சூட்டிலும்தான் தோலின் நுண்ணிய மேடுபள்ளங்களில் படிந்து பிடிக்கும்.

9. தேதியும் நேரமும் ஓரத்தில் எழுதுங்கள். நடுவில் எழுதினால் பார்க்க வேண்டிய சன்னலையே மறைத்துவிடுவீர்கள்.

பிலிமை வெட்டிப் பயன்படுத்தினால் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள்; கூர்மூலை துணியில் உரசிச் சுருளும். விரலையோ கையையோ முழுவட்டமாகச் சுற்றி ஒட்டக்கூடாது. வீங்கினால் அது இறுக்கு வளையமாகிவிடும்.

அடியில் தேங்கும் நீரைப் படிப்பது

பிலிம் ஒட்டிய மறுநாள் அடியில் மஞ்சளாக, கலங்கலாக, சில சமயம் பழுப்பாக நீர் தெரியும். புதியவர்கள் சீழ் என்று பயந்து உடனே பிரித்துவிடுவார்கள். பெரும்பாலும் அது சீழ் இல்லை. காயம் ஆறும்போது ஊறும் நீரில் வெள்ளை அணுக்களும் கரைந்த செத்த திசுவும் கலந்திருக்கும். வெளியே போக வழியில்லாததால் சேர்ந்து நிற்கும். பிரிக்கும்போது லேசாக ஒரு வாடையும் வரலாம். சலைனால் கழுவிய பிறகும் வாடை நிற்கிறதா, புண்ணின் அடி எந்த நிறம் என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பார்க்க வேண்டியது நீரின் நிறத்தைவிட, சுற்றுத்தோலை. சிவப்பு பிலிமின் சதுரத்துக்குள் அளவெடுத்தாற்போல் நின்றால், அரிப்பும் இருந்தால், பசையோ அடியில் காயாத மருந்தோ காரணம். சிவப்பு காயத்தின் ஓரத்தில் தொடங்கி, எங்கே முடிகிறது என்று தெரியாமல் பிலிமையும் தாண்டிப் பரவினால் கிருமியைச் சந்தேகியுங்கள். பேனாவால் சிவப்பின் எல்லையை வரைந்து நேரம் எழுதி வைத்தால், சில மணி நேரத்தில் தாண்டியதா என்று தெளிவாகத் தெரியும். தாண்டினாலும், சூடு, காய்ச்சல், மேல்நோக்கி ஓடும் சிவப்புக் கோடு ஏதாவது இருந்தாலும், பிலிமை எடுத்துவிட்டுத் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. அங்கே சூடும் வீக்கமும் வலியும்தான் நம்பகமான அடையாளம். முடிக்கால்களில் சின்னச் சின்னச் சீழ்ப்பொட்டுகள் என்றால் முடிக்கால் அழற்சி. பிலிமை நிறுத்தினால் பெரும்பாலும் அடங்கும்.

சுற்றுத்தோல் வெளுத்து, நெடுநேரம் தண்ணீரில் கிடந்த விரல் நுனிபோல் சுருங்கியிருந்தால் நீர் அதிகம், பிலிம் பொருந்தவில்லை என்று அர்த்தம். திரும்பவும் அதையே ஒட்டாமல், உறிஞ்சும் தன்மையுள்ள ஃபோம் டிரெஸ்ஸிங்குக்கு மாறுங்கள். ஊறிய தோல் எளிதில் உடையும், காயம் பெரிதாகும்.

தேங்கிய நீரை ஊசியால் உறிஞ்சி எடுத்து, ஓட்டையின் மேல் சின்னப் பிலிம் ஒட்டுவதை மருத்துவமனைகளில் செய்வதுண்டு. வீட்டில் குத்தாதீர்கள்.

எத்தனை நாள் விடலாம்

எல்லாம் ஒழுங்காக இருந்தால் 7 நாள்வரை. தினமும் மாற்றுவதுதான் சுத்தம் என்ற பழக்கம் இங்கே கெடுதல். ஒவ்வொரு முறை உரிக்கும்போதும் தோலின் மேலடுக்கு கொஞ்சம் பசையோடு போகும். புதிதாகப் படர்ந்த தோலும் பெயரும். பிரிக்காமலே பார்க்கலாம் என்பதுதான் இந்த டிரெஸ்ஸிங்கின் முழுப் பலன். அதைத் தினமும் பிரிப்பவருக்குக் காஸே போதும்.

ஓரம் எழும்பிவிட்டால், நீர் ஓரம்வரை எட்டிவிட்டால், கசிந்தால், அடியில் அழுக்கோ தண்ணீரோ புகுந்தால் நாள் கணக்குப் பார்க்காமல் அன்றே மாற்றுங்கள். எழும்பிய ஓரத்தின் மேல் பிளாஸ்டர் ஒட்டிச் சமாளிப்பது வேண்டாம்; வழி ஏற்கெனவே திறந்தாயிற்று.

குளிக்கலாம். மேலே தண்ணீர் ஓடினால் பரவாயில்லை. தொட்டியில் ஊறுவதும் நீச்சலும் வேண்டாம். குளித்ததும் தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, நான்கு ஓரத்தையும் ஒரு முறை பாருங்கள்.

பிரிப்பது

சாதாரண பிளாஸ்டர்போல் மேல்நோக்கி இழுக்கக்கூடாது. செய்ய வேண்டியது இது. ஒரு மூலையை நகத்தால் சற்றே எழுப்புங்கள். இடது கை விரல்களால் பக்கத்துத் தோலைப் பதமாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, எழுப்பிய மூலையைத் தோலோடு ஒட்டினாற்போல், காயத்தை விட்டு விலகும் திசையில், கிடைமட்டமாக நீட்டுங்கள். பிலிம் ரப்பர்போல் நீளும். நீளும்போது அடியிலிருக்கும் பசை சட்டென்று பிடியை விடும்; ஒட்டியிருந்த பகுதி தோலை விட்டு விலகி வருவது கண்ணாலேயே தெரியும். அந்த அளவு விட்டதும் நிறுத்தி, விரலை அடுத்த இடத்துக்கு நகர்த்தி, மறுபடி நீட்டுங்கள். இப்படி நாலு பக்கமும் ஓரத்தைத் தளர்த்திய பிறகுதான் நடுப்பகுதி. சரியாகச் செய்தால் தோல் மேலெழும்பவே எழும்பாது. தோல் கூடாரம்போல் எழும்புகிறதென்றால் நீங்கள் மேல்நோக்கி இழுக்கிறீர்கள்.

எங்காவது பிடிவாதமாக ஒட்டியிருந்தால் சிலிக்கான் அடிப்படையிலான பசை நீக்கி பயன்படுத்துங்கள். முடி உள்ள இடத்தில் முடி வளரும் திசையிலேயே எடுங்கள். இதற்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். முதியவர் என்றால் அதைவிடக் கூடுதலாகவே கொடுங்கள்.

ஊசிக் குழாயின் மேல்

இங்கே பிலிமின் வேலை காயத்தை ஆற்றுவதைவிட, நுழைவாயிலைக் காத்து, பார்க்க வழி விடுவது. குழாய் தோலுக்குள் நுழையும் புள்ளி சன்னலின் நடுவில் வர வேண்டும். குழாயின் தலைப்பகுதியைச் சுற்றிப் பிலிமை விரலால் கிள்ளி ஒட்டுங்கள். அங்கேதான் கூடாரம்போல் இடைவெளி விழுந்து ஈரம் புகும். பெரிய ரத்தக் குழாயில் போட்ட மத்திய சிரைக் குழாய்க்குப் பிலிமை அதிகபட்சம் 7 நாளிலும், காஸை 2 நாளிலும் மாற்றுவது வழக்கம். அந்த இடத்தில் ரத்தம் கசிந்தாலோ நிறைய வியர்த்தாலோ, அது நிற்கும்வரை காஸே சரி. நுழையும் புள்ளியை மறைத்துக் காஸ் வைத்து மேலே பிலிம் ஒட்டினால் அது காஸ் டிரெஸ்ஸிங்காகவே கணக்கு. 7 நாள் கிடையாது, 2 நாள்தான்.

குளோர்ஹெக்சிடின் ஜெல் பதித்த பிலிமும் உண்டு. பெரியவர்களின் மத்திய சிரைக் குழாய்களில் தொற்றைக் குறைக்க அதைப் பயன்படுத்துகிறார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு வேண்டாம். தோல் வெந்ததுபோல் ஆகும் ஆபத்து உண்டு. குளோர்ஹெக்சிடின் ஒவ்வாமை இருக்கிறதா என்று ஒட்டுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

வேறு டிரெஸ்ஸிங்குக்கு மேல் மூடியாக

ஹைட்ரோஜெல் (காயத்துக்கு ஈரம் தரும் ஜெல்), ஆல்ஜினேட் (நீரை உறிஞ்சும் கடற்பாசி நார்) போன்றவற்றை இடத்தில் பிடித்து வைக்கப் பிலிம் மேலே வரும். உலர்ந்த புண்ணுக்கு ஹைட்ரோஜெல் போடும்போது தோல் மட்டம்வரை மட்டும் நிரப்புங்கள். அதற்கு மேல் போட்டால் பிலிம் அழுத்தத்தில் ஜெல் பக்கவாட்டில் பிதுங்கி, நல்ல தோலை ஊற வைக்கும், பசையையும் கெடுக்கும். ஃபோம் டிரெஸ்ஸிங்குக்கு மேல் பிலிம் ஒட்டுவது பலரும் செய்யும் தவறு. பெரும்பாலான ஃபோமின் முதுகிலேயே ஆவி விடும் பிலிம் இருக்கிறது. உறிஞ்சிய நீரை அது வெளியே ஆவியாக்கித்தான் மேலும் உறிஞ்ச இடம் செய்துகொள்கிறது. மேலே இன்னொரு பிலிம் போட்டால் அந்த வழி குறுகும்; 5 நாள் தாங்க வேண்டிய ஃபோம் 2 நாளில் நிறைந்துவிடும். ஃபோம் நழுவுகிறது என்றால் நான்கு ஓரத்திலும் மட்டும் பட்டையாகப் பிலிமை வெட்டி, சட்டம்போல் ஒட்டுங்கள். நடு முதுகு திறந்திருக்கட்டும்.

இப்படிப் பட்டை வெட்டினால் மிச்சம் விழும். அதை உறையில் மடித்து, அடுத்த முறைக்கு என்று வைக்காதீர்கள். உறை பிரித்த நொடியோடு அதன் ஸ்டெரைல் தன்மை முடிந்தது.